அத்தையின் 93 சதுர அடி

கிழமேல் அடி 18, தென்வடல் அடி 62. அப்பா 1974இல் வாங்கிய எங்கள் சேலம் அம்மாபேட்டை வீட்டை அதன் கிரையப் பத்திரம் இப்படித்தான் அளக்கிறது. அதற்குள் மங்களூர் ஓடு போட்ட வில்லை வீடும், தறிக்கூடமும், கதவு நிலவு வகையறாவும், தெருவில் போக வர நடைபாத்தியமும் சேர்த்து ரூபாய் 9,500. பத்திரம் எழுதியவரின் கையெழுத்து அவ்வளவு அழகு. படிக்கத்தான் முடியாது.

அந்த வீட்டை அம்மா என் பெயருக்கு எழுதிவைத்த கதை இது. எழுதிவைத்தது ஒரே நாள் வேலை. அதற்கு முன் பத்து மாதம் ஓடியது.

ஆரம்பித்து வைத்தது மழை. போன வருஷம் ஐப்பசி மழையில் சமையல்கட்டில் நாலு இடத்தில் ஒழுகியது. ஓடு மாற்றினால் தாங்காது, சட்டமே உளுத்துவிட்டது என்று ஆசாரி சொல்லிவிட்டார். இடித்துக் கட்டலாம் என்று பேங்க்கில் கடன் கேட்டேன். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றார்கள். இல்லை, அம்மா வீடு என்றேன். அப்படியென்றால் அம்மா உங்கள் பெயருக்கு ஒரு செட்டில்மெண்ட், அதாவது குடும்பத்துக்குள் விலையில்லாமல் கொடுக்கும் பத்திரம், எழுதட்டும், பெரிய செலவில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அம்மாவும் தயார்தான். அவருக்கு 73 வயது. தம்பி பெங்களூரில் சொந்தமாக ஃபிளாட் வாங்கிவிட்டான். நானும் என் வீட்டுக்காரரும் பையனும் இருபது வருஷமாக அம்மாவோடுதான் இருக்கிறோம். "நாளைக்கே வேணா எழுதித் தரேன் பாப்பா, எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு" என்றார்.

அஸ்தம்பட்டியில் தெரிந்த வக்கீலம்மா ஒருவர் இருக்கிறார். பத்திரத்தை அவரிடம் நீட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இது எப்படிங்க அம்மா வீடு?"

அப்புறம்தான் உறைத்தது. பத்திரம் அப்பா பெயரில். அப்பா 2006இல் காலமானார், உயில் எழுதவில்லை. தெரு முழுக்க அம்மா வீடு என்றுதான் சொல்வார்கள், வீட்டு வரி ரசீதை அம்மாதான் மஞ்சள் பையில் பத்திரப்படுத்துவார், ஆனால் காகிதத்தில் அது அம்மா வீடு இல்லை. உயில் இல்லாமல் கணவன் போனால் வீடு மனைவிக்கு வந்துவிடும் என்றுதான் நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வராது. பிள்ளைகளோடு சரிபங்குதான் வரும்.

சரி, அம்மா, நான், தம்பி, ஆளுக்கு மூன்றில் ஒன்று, தம்பி தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் போட்டால் முடிந்தது என்று நான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வக்கீலம்மா அப்பாவின் வாரிசுச் சான்றிதழைக் கேட்டார். கைத்தறிச் சங்கத்தில் அப்பாவின் பணம் வாங்க அந்தக் காலத்திலேயே தாலுகா ஆபீசில் வாங்கியது. பிஸ்கட் டப்பாவில் இருந்தது. நான் பலமுறை பார்த்த காகிதம்தான். அதில் நாலு பெயர்.

நாலாவது பெயர் பாட்டி. அப்பாவைப் பெற்றவர்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தது. ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள் வரிசையில் அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. தகப்பனார் அந்த வகுப்பில் இல்லை, தாய் உண்டு. மகன் போன பிறகு பாட்டி ஐந்து வருஷம் இருந்து 2011இல்தான் போனார். அந்த ஐந்து வருஷமும் தறிக்கூடத்து ஓரத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த பாட்டி, வீட்டில் கால் பங்குக்குச் சொந்தக்காரி. அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

பாட்டியும் உயில் எழுதவில்லை. ஆகவே அவருடைய கால் பங்கு அவர் பிள்ளைகளுக்கு: அப்பா, இளம்பிள்ளைச் சித்தப்பா, ராசிபுரத்து அத்தை. அப்பா முன்பே போய்விட்டதால் அவர் பாகம் எனக்கும் தம்பிக்கும். அம்மாவுக்கு அதில் ஒன்றுமில்லை, மருமகள் என்பதால்.

நான் ஆத்தூர் ரோட்டில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மரவள்ளிக்கிழங்கு லோடுக்கு லோடு மாவுச்சத்து எவ்வளவு என்று பாயிண்ட் போட்டுப் பார்த்தே பழகிய கை. வக்கீலம்மா மேஜையிலேயே 24 பாகமாகப் பிரித்துப் போட்டேன். அம்மாவுக்கு 6, எனக்கு 7, தம்பிக்கு 7, சித்தப்பாவுக்கு 2, அத்தைக்கு 2. 1116 சதுர அடியில் அத்தையின் பங்கு மிகச் சரியாக 93 சதுர அடி.

வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்துத் தறிக்கூடத்தை அளந்தேன். பத்துக்கு ஒன்பதரை. 95.

தறிக்கூடம் என்றால் இப்போது தறி இல்லை. அப்பா போனதும் தறியைக் கழற்றி விற்றுவிட்டோம். நெய்கிறவர் காலை இறக்கி மிதிக்கும் குழி மட்டும் இருக்கிறது. மேலே பலகை போட்டு அதன்மேல் அரிசி டிரம். அந்தப் பலகையில் ஒன்றை மட்டும் அம்மா எப்போதும் நகர்த்தியே வைத்திருப்பார். மதியம் சாப்பிட்டதும் குழி விளிம்பில் உட்கார்ந்து உள்ளே காலைத் தொங்கப் போட்டுக்கொள்வார். சேலத்து வெயிலில் வீட்டிலேயே ஜில்லென்று இருக்கும் இடம் அதுதான். அப்பாவின் கால் மிதியடிக்கு நடுவே தேய்ந்து வழவழப்பான மண் சுவர் இன்னும் அப்படியே இருக்கிறது. அங்கே பாச்சை அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பாவிடம் முதலில் போனோம். அவருக்குத் தன் பங்கு பற்றிக் கவலையே இல்லை. "அண்ணன் வீட்டுல எனக்கு எதுக்கும்மா பங்கு, கையெழுத்துதானே, போட்டுத் தரேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவருடைய சந்தேகமெல்லாம் அத்தைக்கு ஏது பங்கு என்பதில்தான். "1989க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்குச் சொத்து கிடையாதே, இவளுக்கு எழுபத்தேழுலயே ஆயிடுச்சே" என்றார். இளம்பிள்ளை டீக்கடையில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேரும் இதையேதான் சொல்வார்கள். அந்த 1989 கணக்கு பூர்வீகச் சொத்துக்கு. தமிழ்நாடு அந்த வருஷம் சட்டத்தைத் திருத்தி, அதுவரை கல்யாணம் ஆகாத பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் வந்து அந்தக் கல்யாணக் கணக்கையும் தள்ளிவிட்டது. அப்பா தறி ஓட்டிச் சம்பாதித்து வாங்கிய வீட்டுக்கு இது எதுவுமே தேவையில்லை. சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சரிபங்கு என்பது 1956இலேயே இருக்கிறது. அத்தைக்கு வருவதோ தன் அம்மாவின் பங்கு, கல்யாணத் தேதிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இதை நான் சொன்னபோது சித்தப்பா நம்பவில்லை. வக்கீலம்மா போனில் சொன்னதும் நம்பினார்.

ராசிபுரத்துக்கு நான் மட்டும் பஸ்ஸில் போனேன். அத்தைக்கு மொத்தக் கதையையும் சொல்லி, கணக்குப் போட்ட துண்டுக் காகிதத்தையும் காட்டினேன். மறைத்து, வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கியவர்களின் கதை எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை நெடுநேரம் பார்த்தார்.

"தொண்ணூத்தி மூணு அடின்னா எவ்வளவு கண்ணு?"

"நம்ம தறிக்கூடம் அத்தை. அதுல ரெண்டு அடி குறைச்சு."

அத்தை சிரித்த சிரிப்பில் உள்ளே சமைத்துக்கொண்டிருந்த மருமகள் வெளியே எட்டிப் பார்த்தார். "அங்கதான்டி நான் உங்க அப்பனுக்குத் தார் சுத்திக் குடுத்தேன். ஒரு தாருக்குக்கூடக் கூலி தரல உங்கப்பன். இப்ப தரானா?" என்றார். தார் என்பது தறி நாடாவுக்குள் போடும், நூல் சுற்றிய குச்சி.

பணம் வேண்டுமா என்று நேராகக் கேட்டேன். கேட்பதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றியது. வேண்டாம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. ஆடிக்குக் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்க வரும்போது லாட்ஜில் தங்க மாட்டாராம், இந்த வீட்டில்தான் படுப்பாராம், அதையும் பத்திரத்தில் எழுத வேண்டுமாம். என்றைக்கு அத்தை லாட்ஜில் தங்கினார்? வருஷா வருஷம் இங்கேதான் வருகிறார். இருந்தாலும் வக்கீலம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, விடுதலைப் பத்திரத்தில் நிபந்தனை வைத்தால் அது விடுதலையே இல்லை என்றார்.

தம்பிதான் கொஞ்சம் இழுத்தான். குறை சொல்ல மாட்டேன், அவன் கேட்டது நியாயமான கேள்வி. "அம்மா இருக்கும்போதே எதுக்குக்கா அவசரம்? உயில் எழுதி வெச்சா போதாதா?" போதும்தான், கடன் வாங்க வேண்டியிராவிட்டால். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், முத்திரைத் தாள் செலவு கிடையாது, எழுதியவர் இருக்கும்வரை வீடு அவருடையதே. வயதானவர்கள் என்னைக் கேட்டால் முதலில் உயில் என்றுதான் சொல்வேன். செட்டில்மெண்ட் அப்படியில்லை. எழுதிப் பதிந்து, வாங்கியவர் ஏற்றுக்கொண்டால், அன்றோடு கை மாறிவிட்டது. பிறகு மனம் மாறி, கொடுத்தவர் மட்டும் போய் ரத்துப் பத்திரம் போட முடியாது. தம்பிக்கு இது புரிந்தது. மூன்று வாரம் கழித்து, வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினான். அவன் வீட்டில் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

எல்லோரும் சம்மதித்த பிறகு சண்டை வந்தது எனக்கும் அம்மாவுக்கும். வக்கீலம்மா எழுதிக்கொடுத்த வரைவை நான் சத்தமாகப் படித்தேன். "என் மகளாகிய உன்பேரில் எனக்குள்ள அன்பின் நிமித்தமாகவும் பிரியத்தின் நிமித்தமாகவும்" என்ற இடத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அடுத்த பக்கத்தில் "என் ஆயுள் வரை மேற்படி வீடு முழுவதிலும் குடியிருந்து அனுபவிக்க எனக்குப் பாத்தியம் உண்டு என்றும், என்னை அன்ன வஸ்திராதிகள் கொடுத்து வைத்தியம் பார்த்துப் பராமரித்து வர வேண்டியது என்றும்" என்று வந்ததும் முகம் மாறிவிட்டது.

"இதை யாரு எழுதச் சொன்னது?"

"நான்தான்."

"பெத்த மககிட்ட சோறு போடுன்னு பத்திரத்துலயா எழுதி வாங்குவாங்க? ஊர்ல கேட்டா காறித் துப்ப மாட்டாங்க?"

அந்த வரியை எழுதச் சொன்னது உண்மையிலேயே நான்தான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று 2007இல் ஒன்று வந்தது. அதன் 23ஆவது பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் செல்லாததாக்கக் கேட்கலாம் என்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். நிபந்தனை பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டுமா என்பதில்தான் இத்தனை வருஷ வழக்குகளும். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் நிபந்தனை இருந்தால்தான் இந்தப் பிரிவு பாயும் என்றது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், இது முதியவர்களுக்காக வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. "தீர்ப்பு எப்படி வேணா போகட்டும்மா, ரெண்டு வரி எழுதிட்டா அந்த வாதத்துக்கே இடமில்ல" என்றார் வக்கீலம்மா.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. என்னை நம்பவில்லை என்று ஊர் நினைக்கும் என்பது அவர் கவலை. கடைசியில் வேறு வழியில்லாமல் நான் நினைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன்.

"அம்மா, நாளைக்கு உனக்கு முன்னாடி நான் போயிட்டா?"

"வாயைக் கழுவு."

"கழுவறேன். அப்படி ஆச்சுன்னா இந்த வீடு உனக்குத் திரும்பி வராது. உன் மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும்தான் போகும்."

சட்டம் அப்படித்தான் இருக்கிறது. மகன் இறந்தால் தாய்க்குப் பங்கு உண்டு, பாட்டிக்கு வந்ததுபோல. கணவனும் பிள்ளையும் உள்ள மகள் இறந்தால் தாய்க்கு ஒன்றும் கிடையாது. அந்த வரி எனக்கு எதிராக எழுதியது இல்லை. நான் இல்லாத வீட்டுக்காக எழுதியது. என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்தான், பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், அவரும் எழுதுங்கள் என்றுதான் சொன்னார். ஆனால் அவருக்குப் பிறகு? என் பையனுக்கு வரப்போகிறவள்? அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, அன்ன வஸ்திரத்தை எடுத்துடு. குடியிருக்கறது இருக்கட்டும்" என்று பேரம் பேசினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டும் இருக்கிறது.

அம்மாவின் சொந்தப் பங்கு என்னவோ பிரிவுபடாத கால் பாகம்தான். குடியிருக்கும் உரிமையை மட்டும் முழு வீட்டுக்கும் எழுதினோம். வாங்குகிறவளாக நானும் கையெழுத்துப் போடுவதால் அது என்னையும் கட்டும். இந்த வரியைப் பார்த்து பேங்க்கில் முகம் சுளித்தார்கள், கடனுக்கு அம்மாவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போடட்டுமே.

மற்ற காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டிக்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்குவதில்தான் மாதங்கள் போயின. சொத்தின்மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று எங்கள் வீட்டுக்கு ஆன்லைனில் 1975இலிருந்துதான் கிடைத்தது, அப்பா வாங்கியதோ 1974. அந்த ஒரு வருஷத்துக்காகக் கையால் தேடிக் கொடுக்கச் சொல்லித் தனியாக மனுப் போட்டேன். செலவு என்று பார்த்தால், தாய் மகளுக்கு எழுதும் செட்டில்மெண்ட்டுக்கு மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம். தீர்வைக்கு உச்சவரம்பு 40,000, கட்டணத்துக்கு 10,000. 2023 ஜூலைக்கு முன் இது 25,000, 4,000 என்று இருந்தது. அம்மாவின் கால் பாகத்துக்குக் கணக்குப் போட்டால் நாங்கள் அந்த உச்சவரம்பின் பக்கத்திலேயே போகவில்லை. இந்தச் சலுகை உறவைப் பொறுத்தது. குடும்பம் என்று நாம் நினைப்பதும் முத்திரைச் சட்டம் நினைப்பதும் ஒன்றல்ல. மருமகளுக்கு எழுதலாம் என்று போனவர் விற்பனைக்குக் கட்டும் அளவு கட்டச் சொன்னதும் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எங்கள் செலவை அப்படியே உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஆடியில் பத்திரம் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். ஆவணியில் ஒரு முகூர்த்த நாளாகப் பார்த்து சார்பதிவாளர் ஆபீசில் டோக்கன் போட்டோம். ஊரே அன்றைக்குத்தான் போட்டிருந்தது. முதலில் தம்பி, சித்தப்பா, அத்தை மூவரும் எனக்கு விடுதலை. அடுத்து அம்மாவின் செட்டில்மெண்ட். காலையில் போனவர்கள் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நின்றோம்.

அம்மா முறை வந்தது. கைரேகை இயந்திரத்தில் வலது கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. இன்னொரு முறை. சிவப்பு. நாற்பது வருஷம் பட்டு நூலைத் தார் சுற்றிய விரல், ரேகையை நூல் தின்றுவிட்டது. ஆள்காட்டி விரல், நடு விரல், எதுவும் ஏறவில்லை. பின்னால் நின்றவர்கள் நெளிய ஆரம்பித்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த பெண் பொறுமையாக, "பாட்டி, தலையில எண்ணெய் இருக்கா? விரலைத் தேய்ச்சுட்டு வைங்க" என்றார். அம்மா தலையில் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு விரலாக வைத்தார். கடைசியில் இடது கை மோதிர விரல் பச்சை காட்டியது. பின்னால் இருந்து அத்தை, "அண்ணி, அந்த விரல்ல மட்டும் வேலையே செய்யலையா நீங்க?" என்றார். சார்பதிவாளர்கூடச் சிரித்துவிட்டார்.

பிறகு அவர் அம்மாவை நேராகப் பார்த்து, விருப்பப்பட்டுத்தான் எழுதிக் கொடுக்கிறீர்களா, யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று கேட்டார். அம்மா என்னைக் கைகாட்டி, "இவதான் கட்டாயப்படுத்தினா" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. "எனக்கு வேணாம்னேன், அந்த ரெண்டு வரியை எழுதியே ஆகணும்னு நின்னா." அவர் வரியைப் புரட்டிப் படித்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

வெளியே வந்து எல்லோருமாகத் தட்டுவடை செட் சாப்பிட்டோம். அத்தைதான் காசு கொடுத்தார், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

இப்போது ஐப்பசி. பட்டா பெயர் மாறிவிட்டது, வீட்டு வரிக்கு மனுக் கொடுத்திருக்கிறேன், கடன் பாதி தூரம் வந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் வரைபடத்தோடு வந்தார். முன்பக்கம் தறிக்கூடம் இருக்கும் இடத்தில் குழியை மூடி, கார் நிறுத்த இடம் போட்டிருந்தார். அம்மா பலகையை இழுத்துவிட்டுக் குழி விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டு, எனக்கு வீடு முழுவதிலும் பாத்தியம் இருக்கிறது, பத்திரத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல் என்றார். அன்று சாயங்காலமே ராசிபுரத்திலிருந்து போன் வந்தது. "என் ரூம்பை என்னமோ பண்றீங்களாமே?"

இன்ஜினியரிடம் வேறு வரைபடம் கேட்டிருக்கிறேன். எங்களிடம் கார் இல்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.